அப்பா அனுப்பிய பிள்ளையிடம் சிகரெட் கொடுக்கலாமா? பெங்களூரு பெட்டிக்கடைக்காரர்களுக்கு

ஸ்ரீராமபுரத்தில் என் மாமனார் தொடங்கிய பெட்டிக்கடையை இப்போது நான் நடத்துகிறேன். எங்கள் பகுதிக் கடைக்காரர்கள் பலர் இன்னும், 18 வயது ஆனவருக்குப் புகையிலை விற்கலாம் என்ற கணக்கிலேயே இருக்கிறார்கள். மத்திய அரசின் 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தில் வயது 18தான். ஆனால் கர்நாடக அரசின் திருத்தம் 2025 மே மாத இறுதியில் அரசிதழில் வெளியான பிறகு இங்கே 21. அபராதமும் 200 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் வரை உயர்ந்துவிட்டது. ஒற்றை சிகரெட் விற்கவும் தடை. முழுப் பாக்கெட்டாகத்தான் கொடுக்க வேண்டும். இ-சிகரெட்டை 2019 முதல் எந்த வயதினருக்கும் விற்கக் கூடாது.

முதலில், வயது குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்பது குற்றம் என்ற அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். 60க்கு 30 செ.மீ. அளவில், கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். 18 என்று எழுதிய பழைய பலகை தொங்கினால், வாங்க வருகிறவர் அதையே காட்டி வாதாடுவார், மாற்றிவிடுங்கள். கன்னடத்தோடு தமிழிலும் எழுதினால் நம் தெருவில் எல்லோருக்கும் புரியும். பாக்கெட்டுகளைக் கடலை மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள். சிறுவர் கைக்கு எட்டும்படி வைப்பதே விதிமீறல்.

பள்ளி, கல்லூரிக்கு அருகில் விற்கக் கூடாது. மத்தியச் சட்டம் 100 கஜம், அதாவது சுமார் 91 மீட்டர் என்கிறது. கர்நாடகத் திருத்தத்தின்படி இங்கே முழு நூறு மீட்டர் விட வேண்டும். தெரு வளைந்து போகும் தூரம் கணக்கில் வராது. மதில் சுவரிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும்.

வாங்குகிறவருக்கு உரிய வயது ஆகிவிட்டது என்று காட்டும் பொறுப்பு விற்கிறவருடையது. மீசையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ கேளுங்கள். காட்ட மறுத்தால் விற்க வேண்டாம்.

எல்லாவற்றையும் விடக் கடினம், அப்பா அனுப்பி வரும் பிள்ளை. பாலும் ரொட்டியும் கேட்டுவிட்டு, கடைசியில் சிகரெட்டின் பெயரையும் பிசகாமல் சொல்லும். அந்த வயதில் அந்தப் பெயர் நாவில் பழகுவதே எனக்குப் பொறுக்கவில்லை. யாருக்காக வாங்கினாலும் கைநீட்டி வாங்குவது சிறுவன்தான். 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்டவருக்குப் புகையிலையைக் கொடுத்தாலும் கொடுக்கச் செய்தாலும் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. அப்பா கைப்பேசியில் பணம் அனுப்பிவிட்டுப் பையனை எடுத்துவரச் சொன்னாலும், செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கச் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

பிள்ளையைத் திட்டவும் வேண்டாம். “கண்ணு, இதை உன்னிடம் கொடுக்கக் கூடாது, அப்பாவையே வரச் சொல்” என்று சொல்லி, மற்ற சாமான்களையும் மீதிச் சில்லறையையும் கொடுத்து அனுப்புங்கள். அப்பா கோபத்தோடு வந்தால், “அண்ணா, உங்களுக்குத் தருகிறேன், பிள்ளையிடம் தரமாட்டேன்” என்று அவரிடமே சொல்லுங்கள். சிலர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். போகட்டும். அந்த வியாபாரம் நமக்கு வேண்டாம்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே விதிதான். 18 வயது நிரம்பாதவர் புகையிலைப் பொருளைக் கையாளவோ விற்கவோ கூடாது. மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது மகனையோ மகளையோ கடையில் உட்கார வைத்தால், புகையிலை இருக்கும் பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துச் செல்லுங்கள்.