பாலஸ்தீனக் கிராமத்து மழலையர் பள்ளியில் கைவேலை வகுப்பா? ஆலிவ் இலை போதும்

மேற்குக் கரையில் ஒரு கிராமத்து மழலையர் பள்ளிக்குத் தன்னார்வலராகப் போகிறீர்களா? மினுமினுப்புத் தாள், பசைக்குப்பி என்று மூட்டை கட்ட வேண்டாம். வழியில் சோதனைச்சாவடியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டிவரும் என்று சொல்லமுடியாது, பை இலேசாகவே இருக்கட்டும். ஆலிவ் மரம் அங்கே பக்கத்திலேயே இருக்கும்.

ஆலிவ் இலையின் மேல்புறம் கரும்பச்சை. திருப்பினால் வெள்ளி பூசினாற்போல் வெளுத்திருக்கும். இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றி அட்டையில் ஒட்டினால் மீன் செதில் அப்படியே வந்துவிடும். பசைக்கு ஒரு பங்கு மைதா, நாலு பங்கு தண்ணீர்; கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சி ஆறவிடுங்கள். காயும் கொட்டையும் மட்டும் வேண்டவே வேண்டாம். நாலு வயதுப் பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும்.

அட்டையின் வலது மேல்மூலையைக் காலியாக விடச் சொல்லுங்கள். அரபி வலமிருந்து இடமாக எழுதுவது, பிள்ளையின் பெயர் அங்கிருந்துதான் தொடங்கும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் இருந்தால் கட்டம் போட்ட தாளும் சிவப்புக் கிரேயானும் கொடுத்து, கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி போடச் சொல்லலாம். அவர்கள் ஊர்த் 'தத்ரீஸ்' குறுக்குத் தையல் அப்படித்தான் வளரும். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கலை அது. எந்த வடிவம் போடலாம் என்று அங்குள்ள ஆசிரியையிடமே கேளுங்கள்.

அப்புறம், வெள்ளிக்கிழமை விடுமுறை. அக்டோபர், நவம்பரில் ஆலிவ் அறுவடை, வீடே தோப்பில் இருக்கும். வகுப்பு நடத்தும் நாளை அதற்கேற்பக் குறியுங்கள்.