கடைச் சாவியை வைத்து அரசைச் சொல்லித்தருவது எப்படி

ரங்கூனில் ஞாயிறு மாலை நாலைந்து பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். ஒருநாள் பேச்சு எங்கோ போய், ஒருத்தி கேட்டாள்: "மார்க்சியருக்கும் அனார்க்கிஸ்டுக்கும் கம்யூனிசம்தான் வேண்டும் என்றால் சண்டை எதற்கு, சயா?" (சயா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியர். அனார்க்கிஸ்ட் என்றால் எந்த அரசும் வேண்டாம் என்பவர்.)

இதைச் சொல்லித்தர அகராதி விளக்கத்தில் தொடங்காதீர்கள், பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். நான் என் தாத்தாவின் மளிகைக்கடைச் சாவியைப் பாயில் வைத்தேன். 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது பூட்டு போனது, சாவி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டும் செல்லாமல் போனது.

சரி, கேள்வி இதுதான்: முதலாளி போனபின் சாவி யாரிடம்? தொழிலாளர் கையில் உள்ள அரசிடம், கொஞ்ச காலத்துக்கு என்றார் மார்க்ஸ். வர்க்கங்கள் ஒழிந்ததும் அரசு தானே உதிர்ந்துவிடும் என்றார் அவருடைய தோழர் எங்கெல்ஸ். கொடுத்த சாவி திரும்பாது என்றார் ரஷ்ய அனார்க்கிஸ்ட் பக்கூனின். வேலை செய்கிறவர்களே கடையை நடத்தட்டும், ஊரோடு ஊர் கூட்டமைப்பாகச் சேரட்டும் என்றார். ஆக, கடைசியில் அரசு வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே பேச்சு. தகராறெல்லாம் இடைக்காலத்தைப் பற்றித்தான்.

இங்கே ஒருவன் "அப்போ தாத்தா கடையை எடுத்தது மார்க்சா?" என்று கேட்பான். இல்லை என்று உடனே சொல்லிவிடுங்கள். எடுத்தது ராணுவ ஆட்சி, சாவி எந்தத் தொழிலாளி கைக்கும் வரவில்லை. மார்க்ஸோ, இருக்கிற அரசு இயந்திரத்தை அப்படியே எடுத்து ஓட்ட முடியாது என்று 1871 பாரிஸ் கம்யூனை, அதாவது அந்த நகரத்துத் தொழிலாளர்கள் கொஞ்ச காலம் நடத்திய ஆட்சியை, வைத்து எழுதியவர். தேர்ந்தெடுத்தவரை எப்போது வேண்டுமானாலும் திரும்ப அழைக்கலாம், சம்பளம் தொழிலாளியின் கூலிதான் என்ற அதன் ஏற்பாடு அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் பக்கூனினும் அதே கம்யூனைக் கொண்டாடினார். அவருக்கு அது அரசை மறுத்த எழுச்சி.

பிள்ளைகள் சிரித்தது அடுத்ததற்கு. 1873-ல் பக்கூனின் ஒரு புத்தகத்தில் கேட்டார்: ஜெர்மானியர் நாலு கோடிப் பேர், நாலு கோடியும் ஆட்சியில் உட்காருமா? தொழிலாளி ஆளத் தொடங்கினால் தொழிலாளியாகவே இருக்கமாட்டானே? அந்தப் புத்தகத்தைப் படித்து மார்க்ஸ் எழுதிய குறிப்பு: நிச்சயமாக, ஊராட்சியில் இருந்துதானே தொடங்குகிறது! ஆலை முதலாளி நகரசபை உறுப்பினரானால் முதலாளி இல்லாமல் போய்விடுவானா என்றும் திருப்பிக் கேட்டார். எனக்கு இந்த இடத்தில் பக்கூனின் பக்கம்தான் சாய்வு. தாத்தாவின் பேரன், என்ன செய்ய?

1872 ஹேக் மாநாட்டில் பக்கூனினை அகிலம் என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பைவிட்டு நீக்கியதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுங்கள். அப்புறம், அவர் தன்னைக் கம்யூனிஸ்ட் என்றே சொல்லிக்கொள்ளவில்லை. கூட்டுடைமைக்காரர், உழைப்புக்கு ஏற்ற பங்கு என்பவர். அரசும் இல்லாமல், தேவைக்கு ஏற்பப் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள்வது என்று வாதாடியவர் இன்னொரு ரஷ்ய அனார்க்கிஸ்டான க்ரோபோட்கின். அவரை அடுத்த ஞாயிற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில் சேர்த்தால் குழம்பிவிடும்.