பான்சானோ ஏற்றத்தில் துள்ளிய சங்கிலி

இத்தாலியின் கியாந்தி பகுதியில் கிரேவே ஊரிலிருந்து பான்சானோவுக்கு எஸ்ஆர் 222 சாலையில் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தேன். கிரேவேயின் சதுக்கம் முக்கோண வடிவம். சதுக்கம் என்று சொல்லவே வாய் கூசும். அங்கே நன்றாகத்தான் இருந்தது வண்டி. இருபுறமும் திராட்சைத் தோட்டம், பின்னால் இரண்டு பைகள். ஏற்றம் செங்குத்தானதும் சங்கிலி 'டக் டக்'கென்று துள்ளியது. கடைசிப் பெரிய பல்சக்கரத்தில் ஏறவே மறுத்தது.

கியர் மாற்றும்போது சங்கிலியைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்துவது டெரெய்லர். முதலில் அதன் எல்லைத் திருகை, அதாவது சங்கிலி எதுவரை நகரலாம் என்று தடுக்கும் திருகைத்தான் கையில் எடுத்தேன். முட்டாள்தனம். அதை அதிகம் தளர்த்தினால் சங்கிலி ஆரக்கால்களுக்குள் போய்விடும். நல்லவேளை, கால் சுற்றோடு நிறுத்திப் பழையபடி வைத்தேன்.

உண்மையான குற்றவாளி டெரெய்லரை இழுக்கும் கியர் கேபிள். புதுசாக மாற்றியது, ஓட ஓடக் கொஞ்சம் தளர்ந்திருந்தது. பைகளைக் கழற்றி வண்டியைக் கவிழ்த்தேன். கேபிள் டெரெய்லருக்குள் நுழையும் இடத்தில் விரலாலேயே திருகும் சின்ன உருளை ஒன்று இருக்கும். கேபிள் இறுகுவதற்காக அதை இடஞ்சுழியாக அரைச் சுற்று திருப்பி, பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே கியர் மாற்றிப் பார்த்தேன். தயக்கம் போகவில்லை. இன்னொரு கால் சுற்று. சட்டென்று ஏறி, சத்தமில்லாமல் ஓடியது. இதற்கும் சரியாகாவிட்டால் டெரெய்லர் தொங்கும் கொக்கி வளைந்திருக்கிறதா என்று பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

அப்புறம் ராடா என்ற ஊருக்குப் போகும் வழியில் வெள்ளைச் சரளைச் சாலை. டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்தேன், வழுக்கல் அடங்கியது.