‘விசார்ட் ஆஃப் த க்ரோ’வை வாய்விட்டுப் படியுங்கள்

கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ கிகுயு மொழியில் எழுதி, தானே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து 2006-இல் வெளியான நாவல் இது. 700 பக்கத்துக்கு மேல் போகும். தடிமனைப் பார்த்துத் தள்ளிவைக்காதீர்கள். யாருக்காவது படித்துக் காட்டுங்கள், ஓடிவிடும்.

அபுரீரியா என்ற கற்பனை நாட்டின் சர்வாதிகாரிக்கு ஒரு விநோத நோய். அதற்கு ஊர் சொல்லும் ஐந்து காரணங்களோடு கதை தொடங்குகிறது. எது உண்மை என்று தேட வேண்டாம். வாய் திறக்கப் பயப்படும் நாட்டில் செய்தி வதந்தியாகத்தான் நடமாடும். அம்மாவுக்குப் பார்வை மங்கிய பிறகு, இரவுச் சாப்பாடு முடிந்ததும் இதை நான் தமிழில் கதையாகச் சொல்வேன். ஏ.ஜி. என்ற போலீஸ்காரர் சத்தியம் செய்து தான் பார்த்ததைச் சொல்லும் இடம் வந்தால் அம்மா நிமிர்ந்து உட்காருவார். அந்த இடங்களைக் கட்டாயம் உரக்கப் படியுங்கள்.

ஒரு அமைச்சர் லண்டனில் கண்ணைப் பெரிதாக்கிக்கொள்கிறார். இன்னொருவர் பாரிஸில் காதை. இது எதற்குக் குறியீடு என்று அங்கேயே நிற்காமல், அதனால் அவர்களுக்கு என்ன பதவி கிடைத்தது என்று பாருங்கள். இந்த நாவலில் மாயத்துக்கு எப்போதும் ஒரு வரவு செலவு இருக்கிறது. கட்டட ஒப்பந்தத்துக்காக வரிசையில் நிற்பவர்கள் தஜிரிகா என்ற தொழிலதிபரிடம் லஞ்சத்தைக் கொட்டுகிறார்கள். அப்புறம் அவருக்குப் பேச்சே அடைத்துக்கொள்கிறது. என்ன ஆசை தொண்டையில் சிக்கியது என்பதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

பாதியில் கொஞ்சம் கென்ய வரலாறும் படியுங்கள். நாவலில் ஆட்சியாளரின் பிறந்தநாளுக்காக, உலக வங்கி மாதிரியான ஒன்றிடம் கடன் வாங்கி வானம் தொடும் கோபுரம் கட்டத் திட்டமிடுகிறார்கள். கென்ய அதிபர் மோய் ஆட்சியில், 1989-இல், நைரோபியின் உஹுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் கட்ட நிஜமாகவே முயன்றார்கள். சுற்றுச்சூழல் போராளி வங்காரி மாத்தாய் விடாமல் எதிர்த்தார், திட்டம் நின்றது. 1992-இல் அதே பூங்காவில் அரசியல் கைதிகளின் தாய்மார்களைப் போலீஸ் அடித்தபோது, சிலர் ஆடையைக் களைந்து நின்றார்கள். இது தெரிந்திருந்தால், கோபுர விழாவில் பெண்கள் செய்வதைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வராது.

ஆட்சியாளர் நியூயார்க் போகும் பகுதி கொஞ்சம் இழுக்கும். அங்கே புத்தகத்தை மூடிவிடாதீர்கள். அவர் உடல் பலூன் மாதிரி ஊதத் தொடங்குவது அங்கேதான்.