சின்ன வயசுல ஒட்டிக்கிட்ட புகழ்ல இருந்து நம்மள நாமே தேடி எடுக்குறது எப்படி

அப்பா எழுதின கதையில உங்க பேரு, இல்ல அம்மா சேனல்ல உங்க முதல் பல்லு விழுந்த வீடியோ, நீங்க ஒன்னுமே பண்ணாம பேமஸ் ஆயிட்டீங்க, இப்ப வளந்தப்புறம் யாராவது "அந்தக் குழந்தை நீ தானே"ன்னு கேட்டா வயித்தப் பிசையுதா? அப்ப படிங்க.

முதல்ல ஒன்னு, எதிர்ப்பக்கம் ஓடாதீங்க. அப்பா பாடகர்ங்கிறதுக்காக பாட்டே கேக்க மாட்டேன்னு இருந்தா அப்பவும் உங்களுக்கு என்ன பிடிக்கணும்னு முடிவு பண்றது அவர் தான். வின்னி த பூங்கிற இங்கிலீஷ் கரடிக் கதையில வர்ற கிறிஸ்டோபர் ராபின் நெசமான பையன், எழுத்தாளர் மில்னோட மகன், ஸ்கூல்ல பசங்க அவர் பேரு வர்ற ரெக்கார்டத் திரும்பத் திரும்பப் போட்டே கிண்டல் பண்ணிருக்காங்க. அப்படிப்பட்டவர் 1951ல இங்கிலாந்துல டார்ட்மத்ங்கிற ஊர்ல புத்தகக் கடை வச்சார், வின்னி த பூ ரசிகர்ங்க வந்துட்டே இருப்பாங்களேன்னு அவங்கம்மாவுக்கே அது விசித்திரமாப் பட்டுச்சு, ஆனா அவருக்குப் புத்தகம் பிடிக்கும், அவ்ளோ தான். 1974ல தன் பக்கத்துக் கதைய அவரே எழுதினார்.

அடுத்து, உங்கள யாருக்குமே தெரியாத ஒரு கிளாஸ்ல சேருங்க. நீச்சல், தச்சு வேலை, எதுவா இருந்தாலும் சரி, ஆனா சுத்தமா தெரியாததா இருக்கணும். பேமஸ் குழந்தைங்களுக்குப் பொய்ப் பாராட்டு தான் நெறைய கெடச்சிருக்கும், "பலகைய இப்படியா அறுப்ப"ன்னு வாத்தியார் எல்லாரையும் திட்டுற மாதிரி உங்களையும் திட்டினா அதுல ஒரு நிம்மதி இருக்கு (கொஞ்சம் கடுப்பாவும் இருக்கும் தான்).

யாராவது கண்டுபிடிச்சுட்டா மறைக்காதீங்க, ஒரே மூச்சுல சொல்ல ஒரு பதில் ரெடியா வச்சுக்கோங்க: "ஆமா நான் தான், அப்ப நாலு வயசு, இப்ப லேப்ல வேலை பாக்குறேன், நீங்க என்ன பண்றீங்க?" கடைசில இருக்குற கேள்விய மட்டும் விட்டுடாதீங்க, பேச்சு திரும்புறதே அதுல தான்.

பேர மாத்தலாமான்னா தாராளமா. ஹாலிவுட் நடிகர் நிக்கோலஸ் கேஜோட சித்தப்பா பெரிய டைரக்டர் பிரான்சிஸ் போர்டு கொப்போலா, அந்தக் குடும்பப் பேரால வாய்ப்பு வந்துச்சுன்னு யாரும் சொல்லக்கூடாதுன்னு தான் கேஜ்னு வச்சுக்கிட்டார். பாடகர் டேவிட் போவியோட பையன் சின்னதுல சோவி போவின்னு பேமஸ், அப்புறம் டங்கன் ஜோன்ஸ்ங்கிற பேர்ல சினிமா டைரக்டர் ஆனார், அது ஒன்னும் புதுப் பேரு இல்ல, வீட்டு நெசப் பேரே ஜோன்ஸ் தான்.

இன்டர்நெட் பிரச்சனை தனி. உங்க பேரத் தேடி லிங்க் எல்லாம் எடுத்து வச்சுட்டு, அக்கவுண்ட் பாஸ்வேர்ட் யார்கிட்ட, ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது யாரு, காசு எங்க போகுதுன்னு வீட்ல கேளுங்க. சண்டையா ஆரம்பிக்காதீங்க, பேப்பரக் காட்டுங்கன்னு மட்டும் கேளுங்க. பிரான்ஸ்ல 2020 சட்டப்படி பெத்தவங்க சம்மதம் இல்லாமலே பசங்க தங்களோட வீடியோவ நீக்கச் சொல்லலாம், அமெரிக்காவுல இல்லினாய்ல 2024 ஜூலைல இருந்து வீடியோல வர்ற பசங்களுக்கு வருமானத்துல ஒரு பங்க ஒதுக்கி வைக்கணும். உங்க ஊருக்கு என்னன்னு ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க.

அந்தக் காசத் தொடவே மாட்டேன்னு வீராப்பு வேண்டாம். கிறிஸ்டோபர் ராபினும் அப்பா புத்தகத்துக் காசு வேணாம்னு இருந்தவர் தான், மகளுக்குப் பெருமூளை வாதம், அவங்க பராமரிப்புக்காக வாங்கிக்கிட்டார். வாங்கினா தனி அக்கவுண்ட்ல போடுங்க, மாசச் செலவுக்கு உங்க சொந்த சம்பளத்த மட்டும் எடுங்க.