ரோக்குக்கு ஏற்ற மந்திரம் பூமிங் பிளேட்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டின் 5ஆம் பதிப்பில் உங்கள் ரோக்குக்கு (மறைந்து தாக்கும் திருடன் வகைக் கதாபாத்திரம்) ஒரு கேன்ட்ரிப் (எத்தனை முறையும் போடக்கூடிய எளிய மந்திரம்) எடுக்க வாய்ப்பு கிடைத்தால், தூரத்திலிருந்து தீ எறியும் ஃபயர் போல்ட்டை விட்டுவிட்டு பூமிங் பிளேட் எடுங்கள். ரோக்கின் சிறப்புத் திறனான ஸ்னீக் அட்டாக் தரும் கூடுதல் சேதமும் அதோடு சேர்ந்தே வரும்.

ஃபினெஸ் ஆயுதத்தாலோ (ரேப்பியர் என்ற மெல்லிய வாள் போல, பலத்துக்குப் பதில் லாவகத்தால் வீசக்கூடியது) தூர ஆயுதத்தாலோ அடித்தால்தான் ஸ்னீக் அட்டாக் செல்லும். ஃபயர் போல்ட்டுக்கும் தாக்குதல் பகடை உருட்டுகிறோம், ஆனால் அங்கே ஆயுதமே இல்லை. அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டி பெரியதை எடுக்கும் சாதகம்) இருந்தாலும் பயன் கிடையாது. பூமிங் பிளேடோ கையிலிருக்கும் ரேப்பியரால்தான் அடிக்கச் சொல்கிறது. அடித்ததும், அதே முறையில் செய்யக்கூடிய கூடுதல் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனில் டிஸ்எங்கேஜ் (எதிரியின் பதிலடி வாங்காமல் விலகும் செயல்) செய்து விலகிவிடுங்கள். எதிரி உங்கள் அடுத்த முறைக்குள் தானாக 5 அடி நகர்ந்தால் இடிச் சேதமும் வாங்குவான். நின்றால் உங்களை எட்ட முடியாது, நகர்ந்தால் சேதம்: இந்த இரட்டை நெருக்கடிதான் இதன் உண்மையான பலம்.

வில்லோடு இது நடக்காது, கைகலப்பு ஆயுதம் வேண்டும். இரண்டு கத்தி வைத்திருப்பவர்களும் யோசிக்க வேண்டும்: மந்திரம் போட்டால் அது, இரண்டாவது கத்தியடிக்கு வழிவிடும் சாதாரண ஆயுதத் தாக்குதலான அட்டாக் ஆக்‌ஷன் ஆகாது, எனவே முதல் அடி தவறினால் இரண்டாவது கத்தியால் ஸ்னீக் அட்டாக்கை மீட்க முடியாது. பழைய 3.5 பதிப்பில் விதி வேறு. அங்கே கதிர் மந்திரங்களுக்கும் 30 அடிக்குள் ஸ்னீக் அட்டாக் உண்டு.