பழைய மியாட்டா வாங்கியாச்சா? முதல் காசு டயருக்கு

பழைய மாஸ்டா மியாட்டா, அதாவது ரெண்டு பேர் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார், வாங்கினதும் பலருக்கும் மனசு இன்ஜின் சக்தியைக் கூட்டும் டர்போ பக்கம்தான் ஓடும். பொறுங்க. 1989-இல் வந்த அந்த 1.6 லிட்டர் வண்டியின் எடை ஒரு டன்னுக்கும் கீழே. அதன் சுகமே வளைவுகளில்தான். அதனால் முதலில் டயர். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்க: 2312 என்றால் 2012-இன் 23-வது வாரம் செய்தது. பட்டன் மிச்சமிருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், மாத்திடுங்க.

அடுத்து பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்திலுள்ள புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்கும். ஈரம் ஏறினால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். மலை இறக்கத்தில் பெடல் தொப்பென்று உள்ளே போவது இப்படித்தான். கூடவே நல்ல பிரேக் பேட், பிறகு வீல் அலைன்மென்ட்.

சத்தம் போடும் சைலன்சரா? அது காதுக்குத்தாங்க, வேகத்துக்கு இல்லை.